கேட்டைத் திறந்தது யார்

உட்காரச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். பள்ளிக்கூட வேனில் அவளுக்கென்று ஒரு மடக்கு இருக்கை உண்டு. அதில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு கை மேல்கம்பியில், இன்னொரு கை ஏதாவது ஒரு குழந்தையின் காலரில், கண் அடுத்த வீட்டு வாசலில். வேன் நின்றும் நிற்காமலும் அவள் கால் தரையில் இருக்கும். பிள்ளைகள் வேனக்கா என்று கூப்பிட்டார்கள். பிறகு பிள்ளைகளின் அம்மாக்கள், மருந்துக்கடைக்காரர், கடைசியில் வீட்டிலும் அதுவே பெயரானது.

இப்போது கோர்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்றால் போலீஸ்காரர் ஒருவர் கையைக் கீழே அழுத்திக் காட்டினார். உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே பார்க்க எழுந்தாள். மறுபடியும் கை. மூன்றாவது முறை எழுந்தபோது பக்கத்தில் இருந்த கிழவர் சொன்னார்:

"ஏம்மா, உன் பெஞ்சுல மட்டும் முள்ளா இருக்கு?"

"என்னால உட்கார முடியாதுங்க."

"அதுக்குத்தானே கூட்டிட்டு வந்திருக்காங்க."

அவள் மேல் இருந்த குற்றம், அடுத்தவர் இடத்துக்குள் அத்துமீறி நுழைந்தது. இடம், மூடிக்கிடந்த ஒரு சோப்புத் தொழிற்சாலையின் முற்றம். நுழைந்த காரணத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். வேனைப் பின்னால் எடுத்துப் பழகுவதற்காக.

வேன் டிரைவரை எல்லோரும் அண்ணன் என்பார்கள்; அவருக்குக் கண் மங்கி வந்தது. இந்த வருஷத்தோடு போதும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார். புது ஆளைத் தேடும் பேச்சு வந்தபோது வேனக்கா பிரின்சிபல் அறைக்குள் போய், "நான் ஓட்டுறேன் டீச்சர்" என்றாள். பிரின்சிபல் முதலில் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "லைசென்ஸ் எடுத்துட்டு வாங்க. பழகுறதுக்கு நம்ம வேனையே எடுத்துக்குங்க. ஆனா ரோட்டில வேண்டாம், அண்ணன் கூடவே இருக்கணும்" என்றார். ஓட்டுகிறவர்கள் மேல் எந்தத் தண்டனையும் இருக்கக்கூடாது, அது பள்ளிக்கூடத்தின் விதி, அதையும் அன்றைக்கே சொன்னார். அது தன்னைப் பற்றியதல்ல என்று வேனக்கா நினைத்துக்கொண்டாள்.

காலை ட்ரிப்புக்கும் சாயங்கால ட்ரிப்புக்கும் நடுவில் நேரம் இருந்தது. இடம்தான் இல்லை. சோப்புத் தொழிற்சாலையின் வாட்ச்மேன், டிரைவர் அண்ணனுக்குப் பழக்கம். லாரிகள் வந்து திரும்பிப் போன பெரிய சிமெண்ட் முற்றம் அது. மழை பெய்தால் இன்னும் நுரைக்கும் என்று வாட்ச்மேன் பெருமையாகச் சொல்வார். தினமும் மத்தியானம் அவர் பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் இருந்தபடியே, "திறந்துக்கோ தங்கச்சி" என்பார். வேனக்கா இறங்கிப்போய் கேட்டைத் தள்ளுவாள். அண்ணன் வேனை உள்ளே கொண்டுவருவார். கேட்டைச் சாத்திவிட்டு அவள் ஸ்டியரிங்கில் உட்காருவாள். அங்கே மட்டும் உட்காருவது அவளுக்குச் சிரமமாக இல்லை.

முன்னால் போவதை ஒரு வாரத்தில் பழகிவிட்டாள். பின்னால் வருவதுதான் வரவில்லை. வலப்பக்கம் திருப்பினால் வால் இடப்பக்கம் போகிற மாதிரி இருக்கும். கண்ணாடியை நம்பாமல் தலையை வெளியே நீட்டுவாள். "தலையை உள்ள போடு. வேன் உன் பின்னாடிதான் இருக்கு, எங்கேயும் ஓடிடாது" என்பார் அண்ணன். வாட்ச்மேன் சுவரோரம் பழைய சோப்புப் பெட்டிகளை வரிசையாக நிறுத்திவைத்து, அவற்றை இடிக்காமல் வரச்சொல்வார். இடித்தால், "போச்சு, ஒரு பிள்ளை போச்சு" என்பார். அந்தப் பேச்சு அவளுக்குப் பிடிக்காது. அதனாலேயே இடிக்காமல் வரக் கற்றுக்கொண்டாள்.

அண்ணன் பல்வலி மாத்திரை வாங்க முனைக்கடைக்குப் போன ஒரு மத்தியானம் கம்பெனிக்காரர்கள் வந்துவிட்டார்கள். இடத்தை விற்பதாக இருந்தது. வாங்குகிறவரைக் கூட்டிக்கொண்டு மேனேஜரும் சூப்பர்வைசரும் வந்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் உள்ளே செம்புக் கம்பிகள் காணாமல் போயிருந்தன. முற்றத்தின் நடுவில் மஞ்சள் வேன் ஒன்று பின்பக்கமாக மெதுவாக வந்துகொண்டிருப்பதைப் பார்த்ததும் வாங்க வந்தவர், "இங்க ஸ்கூல் நடக்குதா?" என்று கேட்டார். மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாருய்யா இது?" என்று சூப்பர்வைசர் வாட்ச்மேனிடம் பாய்ந்தார்.

"தெரியாது சார். நான் டாய்லெட் போயிருந்தேன்."

சொல்லிவிட்டு வாட்ச்மேன் வேனக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்ததை அவள் படித்துவிட்டாள். வேனுக்குள் அழப்போகும் பிள்ளை அப்படித்தான் பார்க்கும். அவள் வாயைத் திறக்கவில்லை.

ஸ்டேஷனில்தான் காரியம் கெட்டது. ஏட்டு கெட்ட மனிதர் இல்லை. வேனை விட்டுவிடலாம், எச்சரித்து அனுப்பிவிடலாம் என்ற முடிவில்தான் பேனாவை எடுத்தார்.

"கேட்டைத் திறந்தது யாரும்மா?"

"நான்தான்."

"வேற யாரும் இல்லையே?"

"வேற யார் திறப்பாங்க? நான்தான் எப்பவும் திறப்பேன்."

"எப்பவும்?" ஏட்டு பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அப்போ இது முதல் தடவை இல்ல."

கேட்டைத் திறப்பது வேனக்காவின் வேலை. எந்தக் காலத்திலோ ஒரு பையன் கேட்டில் விரலை நசுக்கிக்கொண்டதிலிருந்து பள்ளிக்கூடத்தின் உத்தரவு அது. பள்ளியின் கேட்டோ வீட்டுக் கேட்டோ, பிள்ளைகளோ டிரைவரோ அப்பா அம்மாவோ தொடக்கூடாது, வேனக்காதான் திறக்கவேண்டும், வேனக்காதான் சாத்தவேண்டும். யார் திறந்தது என்ற கேள்விக்கு இத்தனை வருஷமாக அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. வேறு பதில் சொன்னால்தான் பள்ளிக்கூடத்தில் குற்றம்.

விஷயம் தெரிந்து அண்ணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "என்னையும் எழுதுங்க சார், நான்தான் வண்டியை உள்ள விட்டேன்" என்றார். "உங்களுக்கு வேற வேலை இல்லையா? கேட்டைத் திறந்தவங்க பேரு கிடைச்சாச்சு" என்று ஏட்டு அவரை அனுப்பிவிட்டார். மேனேஜர் புகாரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டிருந்தார்.

வீட்டில் அவள் புருஷன் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். அடுக்கடுக்காய்த் துணியைப் போட்டு ஒரே வெட்டில் இறக்குகிற வேலை. பேச்சும் அப்படித்தான்.

"ஒத்துக்க. அபராதத்தைக் கட்டு. மத்தியானம் வீட்டுக்கு வந்துடலாம்."

"ஒத்துக்கிட்டா தண்டனைன்னு ஆகும்."

"அபராதம் ஒரு தண்டனையா? சைக்கிள்ல விளக்கில்லாம போனாக்கூடத்தான் போடுறாங்க."

"வேன் கிடைக்காது."

அவர் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்: "வேனக்கா இப்ப கேஸக்கா ஆயிட்டா."

கோர்ட்டின் முதல் நாளில் வேனக்கா பெஞ்சில் நெளிந்தபடி எல்லாவற்றையும் பார்த்தாள். டவாலி பெயரைக் கூப்பிடுவார். ஒருவர் கூண்டருகே போவார். ரயில் யார்டைக் குறுக்கே கடந்தவர், கட்டி முடிக்காத வீட்டில் படுத்துத் தூங்கியவர், அடுத்தவர் தோட்டத்தில் பந்து எடுக்கப் போய் அங்கேயே சண்டை போட்டவர். மாஜிஸ்ட்ரேட் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார். "ஒத்துக்கறீங்களா?" "ஒத்துக்கறேங்க ஐயா." ஒரு தொகை. ஒரு முத்திரை. அடுத்த பெயர். பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பதைப் போல இருந்தது. பக்கத்துப் பெஞ்சுக் கிழவரும் போய் ஒத்துக்கொண்டுவிட்டு வந்தார். தன் தம்பியின் வீட்டுக்குள் நுழைந்ததாக அவர் மேல் வழக்கு.

"நிஜமாவே நுழைஞ்சீங்களா?" என்று வேனக்கா கேட்டாள்.

"எங்கப்பா கட்டின வீடும்மா. நுழைஞ்சேனா, போனேனான்னு எனக்கே குழப்பம். ஒத்துக்கிட்டா சாப்பாட்டுக்கு முன்ன வீடு போய்ச் சேரலாம்."

கோர்ட் அவளுக்கு ஒரு வக்கீலைக் கொடுத்திருந்தது. இலவச சட்ட உதவியில் இருக்கும் சின்னப் பெண். பேனா மூடியைக் கடித்துக் கடித்து வெள்ளையாக்கி வைத்திருந்தாள். வராந்தாவில் தூணோடு சாய்ந்து நின்று விளக்கினாள். நிற்க வைத்துப் பேசியதாலேயே வேனக்காவுக்கு அவளைப் பிடித்துப்போனது.

"அக்கா, நல்லா கேளுங்க. இந்த மாதிரி கேஸ் முக்கால்வாசி ஒத்துக்கிறதுலதான் முடியும். ரெண்டாவது, நடத்தலாம். நீங்க நிரபராதின்னு தீர்ப்பு வரும், ஆனா அதுக்குள்ள உங்க வேன்ல போற பிள்ளைங்க காலேஜுக்குப் போயிடும். மூணாவது, புகார் கொடுத்தவங்களே வந்து, எங்களுக்குள்ள பேசி முடிச்சுட்டோம், வழக்கு வேண்டாம்னு சொல்லணும். சமரசம். அப்படி முடிஞ்சா விடுதலைன்னு அர்த்தம். தண்டனை கிடையாது."

"மூணாவதுதான் வேணும்."

"எனக்கும் அதுதான் வேணும். கம்பெனிக்கு வேணுமே."

பிறகு அந்தப் பெண் ஸ்டேஷனில் எழுதியதைப் படித்துக் காட்டினாள். "கேட்டைத் திறந்தது நான்தான், எப்பவும் நான்தான் திறப்பேன். ஏன் அக்கா இப்படிச் சொன்னீங்க?"

"திறந்தது நான்தானே?"

"கேட்டைத் திறந்தது கேஸ் இல்ல. உள்ள வாங்கன்னு யார் சொன்னாங்கங்கிறதுதான் கேஸ். அதை அவங்களும் கேக்கல, நீங்களும் சொல்லல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "யாராவது சொன்னாங்களா?"

வேனக்கா தூணில் இருந்த சுண்ணாம்பைச் சுரண்டினாள். வக்கீல் பெண் காத்திருந்துவிட்டு, "சரி. சொன்னவர் வந்து ஒரு வார்த்தை சொன்னா, அன்னைக்கே முடிஞ்சிடும். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. ஆனா நீங்க போய் அவரைப் பார்க்கக்கூடாது. சாட்சியைக் கலைச்ச மாதிரி ஆயிடும்" என்றாள்.

இடம் விற்றுப்போனதும் கம்பெனிக்கு வழக்கில் அக்கறை போய்விட்டிருந்தது. அதுதான் தொல்லையாகவும் போனது. அடுத்த தேதிக்கு ஓர் இளைஞன் வந்தான். சமரசத்துக்குத் தயார், ஆனால் அவனை அனுப்பியதற்குக் கடிதம் இல்லை. தள்ளி வைத்தார்கள். அதற்கடுத்த தேதிக்கு வேறொருவர் வந்தார், கடிதத்தோடு. கடிதம் முன்னால் வந்த இளைஞனின் பெயரில் இருந்தது. அவன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். மறுபடியும் தள்ளி வைத்தார்கள். ஒவ்வொரு தேதிக்கும் வேனக்கா பள்ளிக்கூடத்தில் லீவு சொன்னாள். ஒவ்வொரு முறையும் பிரின்சிபல், "முடிஞ்சுதா?" என்று கேட்டார். வருஷக் கடைசி நெருங்கியது. பள்ளி மறுபடி திறக்கும்போது வேனில் யாராவது ஒரு டிரைவர் இருந்தாகவேண்டும். இன்னொரு ஆளும் விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். லாரி ஓட்டினவன். பின்னால் எடுப்பதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று அண்ணன் சொன்னார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீட்டில் அவள் துலக்கிய பாத்திரத்தையே துலக்கினாள். துவைத்துக் காய்ந்த துணியை மறுபடி நனைத்தாள். படுத்தால் கால் தானாக ஆடியது. "பிரேக் போடு" என்றார் கட்டிங் மாஸ்டர், தூக்கத்திலேயே.

வக்கீல் பெண் போகக்கூடாது என்றாள். அதற்காகவே அவள் போனாள் என்று சொல்ல முடியாது. ஆனால் கால்கள் போயின. வாட்ச்மேனை அந்தக் கம்பெனி வேறு இடத்துக்கு மாற்றியிருந்தது, ஊரின் மறுகோடியில் ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு. மத்தியான வெயிலில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தாள். கம்பி கேட். உள்ளே அதே நாற்காலி, அதே மனிதர். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"தங்கச்சி. உள்ள வா, வெயில்ல நிக்காத."

"வேணாம்ணே. நீங்க கூப்பிட்டீங்கன்னு அப்புறம் யார் சாட்சி சொல்றது?"

வாட்ச்மேன் அதற்குச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கம்பிக்கு அந்தப்பக்கம் வந்து நின்றார். கிடங்கின் மெஷின் எங்கோ உறுமிக்கொண்டிருந்தது.

"சூப்பர்வைசர் கேட்டதும் வாய் தானா சொல்லிடுச்சு. டாய்லெட் போயிருந்தேன்னு. அன்னைக்கு முழுக்க நான் அந்தப் பக்கமே போகல, தெரியுமா? அந்தப் பொய்யை அதுக்கப்புறம் கழுவவே முடியல."

"டாய்லெட் போயிட்டுக் கழுவ முடியலன்னா கஷ்டம்தான்."

இப்போது அவர் சிரித்தார். சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு சம்மன் வந்திருக்கு. அடுத்த தேதிக்கு வரணும். சமரசம் ஆகலன்னா என்னைக் கூண்டுல ஏத்துவாங்களாம்."

"தெரியும்."

"நான் உண்மையைச் சொன்னா வேலை போயிடும். இந்த வயசுல எவன் எடுப்பான்? வாட்ச்மேன் வேலைக்கு ஒரே ஒரு தகுதிதான், பூட்டத் தெரியணும். நானே பூட்டைக் கழற்றிக் கொடுத்தேன்னு ஊருக்கே தெரிஞ்சா?"

வேனக்கா கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். சூடு உள்ளங்கையில் கோடாக விழுந்திருந்தது. கேட்க வேண்டியது ஒன்றுதான். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். இங்கே வந்ததும் அது வாயில் பெரிதாகிவிட்டது.

"தண்ணி இருந்தா கொடுங்க" என்றாள்.

அவர் பாட்டிலைக் கம்பிக்கு நடுவில் நீட்டினார். கிடங்குத் தண்ணீர், பல் கூசியது. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அவர் பின்னாலிருந்து ஏதோ சொன்னார். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. அவள் திரும்பவும் இல்லை.

அந்தத் தேதி, கோர்ட் விடுமுறைக்கு முந்தைய கடைசித் தேதி. தள்ளிப்போனால் பள்ளி திறந்த பிறகுதான். கம்பெனியிலிருந்து மூன்றாவது ஆள் வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கடிதம், கடிதத்தில் அவர் பெயரே. வக்கீல் பெண் பேனா மூடியைக் கடிப்பதை நிறுத்தினாள். வாட்ச்மேனும் வந்திருந்தார், யூனிஃபார்மில், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோர்ட் அறையின் கடைசிச் சுவரோரமாக. வேனக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வராந்தாவில் கம்பெனிக்காரர் டைப் அடித்த தாளை நீட்டினார். "எங்க லீகல்ல தயார் பண்ணிக் கொடுத்தாங்க. கையெழுத்துப் போட்டா போதும், முடிஞ்சது."

வேனக்கா எழுத்துக்கூட்டாமல் படிப்பவள்தான். ஆனாலும் விரலை வைத்துப் படித்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. 'யாருடைய அனுமதியும் இன்றி அத்துமீறி நுழைந்தது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.'

"இதைப் போட மாட்டேன்."

"சமரசம்தானேம்மா. தண்டனை இல்ல."

"பள்ளிக்கூடத்தில நகல் கேப்பாங்க. இதை நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு, நாளைக்கு எந்த வீட்டு வாசல்ல போய் வேனை நிறுத்துவேன்? பிள்ளையை நம்பி யாரு ஏத்தி விடுவாங்க?"

கம்பெனிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "மாத்தணும்னா ஆபீஸ்ல கேக்கணும். இன்னைக்கு நடக்காது. அடுத்த தேதி வாங்கிக்கலாம்."

அடுத்த தேதி. வேனக்காவின் கால் தரையில் தட்ட ஆரம்பித்தது. இப்போதே போட்டால் இந்த வரி. போடாவிட்டால் லாரிக்காரன். உள்ளே சுவரோரம் நிற்பவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் வரி தானாகப் போய்விடும். அவருக்கும் இங்கே பேசுவது கேட்டிருக்கும், அவ்வளவு தூரமில்லை.

வக்கீல் பெண் தாளை வாங்கினாள். "சார், உங்களுக்கு இன்னைக்கு வேற கோர்ட்டிலயும் கேஸ் இருக்குல்ல?"

"ரெண்டு."

"அப்போ இதை ஏன் வளர்க்கறீங்க? இந்த வரிக்குப் பதிலா, இரு தரப்புக்கும் இடையில் ஏற்பட்ட தவறான புரிதல் காரணமாகன்னு போட்டுக்கலாம். எல்லாச் சமரசத்திலயும் அதுதான் போடுவாங்க. அண்ணன் தம்பி அடிச்சுக்கிட்டாலும் தவறான புரிதல்தான், மாடு பயிரை மேஞ்சாலும் தவறான புரிதல்தான். உங்க லீகல்ல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவர் யோசித்தார். யோசித்தது வாசகத்தைப் பற்றியா, சாப்பாட்டு நேரத்தைப் பற்றியா என்று தெரியவில்லை. "இனிமே வரமாட்டேன்னு ஒரு வரி இருக்கணும்" என்றார்.

"இருக்கட்டும்" என்றாள் வேனக்கா. "இடத்தைத்தான் வித்துட்டீங்களே."

வாசலில் இருந்த டைப்பிஸ்ட் தாளை அடித்துக் கொடுக்கும்வரை அவள் அவர் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தாள். "அக்கா, நிழல் எழுத்து மேல விழுது" என்றார் அவர்.

டவாலி பெயரைக் கூப்பிட்டார். மாஜிஸ்ட்ரேட்டுக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே தாளைப் படித்தார். கம்பெனிக்காரர் வழக்கு வேண்டாம் என்று சொன்னார். முடிந்துவிட்டது என்று வேனக்கா மூச்சை விட்டாள். மாஜிஸ்ட்ரேட் தலையைத் தூக்கினார். அன்று காலையிலிருந்து அவர் தலையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை.

"தவறான புரிதல்னா என்ன புரிதல்?"

கம்பெனிக்காரர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் பெண் வாயைத் திறப்பதற்குள் மாஜிஸ்ட்ரேட் கையைக் காட்டினார். "அவங்களே சொல்லட்டும்."

"கேட்டை யார் திறந்ததுன்னு கேட்டாங்க ஐயா. நான்தான்னு சொன்னேன். அதை எழுதிட்டாங்க."

"திறந்தது நீங்கதானா?"

"நான்தாங்க."

"அந்தக் கேட்டுக்குப் பூட்டு இருந்ததா?"

அவள் முதுகில் ஒரு பார்வை விழுந்திருப்பது தெரிந்தது. கம்பெனிக்காரர் பக்கத்திலேயே நின்றார், காதுக்கு எட்டும் தூரத்தில். ஆமாம் ஐயா, வாட்ச்மேன்தான் கழற்றிக் கொடுப்பார். இவ்வளவுதான். நாக்கு நுனியில் இருந்தது. கால் ஆடியது. கூண்டின் மரம் அதோடு சேர்ந்து லேசாகத் தட்டியது.

"பூட்டைப் பத்தித் தெரியாதுங்க ஐயா. நான் கேட்டை மட்டும்தான் தொட்டேன்."

மாஜிஸ்ட்ரேட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்வை அவள் தோளைத் தாண்டிப் பின்சுவர் வரை போய்த் திரும்பி வந்தது. அவருக்கு என்ன புரிந்தது என்று சொல்வதற்கில்லை. தும்மல் வந்தது. தும்மிவிட்டு எழுதினார்.

"சமரசம் பதிவு செய்யப்பட்டது. விடுதலை. சாட்சிகள் போகலாம். அடுத்தது."

வெளியே படிக்கட்டில் வாட்ச்மேன் அவளைப் பிடித்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, நான் சொல்றதுக்குத்தான் வந்தேன். சத்தியமா."

"சொல்லியிருக்கலாமே அண்ணே."

"கூப்பிடலையே. கூப்பிட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவள் அவரைக் கூர்ந்து பார்த்தாள். அவர் அதை நம்புகிறார் என்பது தெரிந்தது. அவர் நம்புவது நிஜமா என்பது தெரியவில்லை. இனிமேல் அவருக்கும் தெரியப்போவதில்லை. கோர்ட் அந்த வேலையை இரண்டு பேருக்கும் மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டது. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"நாலு மணிக்கு ஷிப்ட்" என்றார் வாட்ச்மேன், தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு. பஸ் வந்தது. அவர் ஓடினார்.

உத்தரவின் நகல் கைக்கு வருவதற்குள் பள்ளியின் கடைசி வாரம் வந்துவிட்டது. சாயங்கால ட்ரிப்புக்கு முன்னால் வேனக்கா அதை எடுத்துக்கொண்டு பிரின்சிபல் அறைக்குப் போனாள். பிரின்சிபல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார்.

"விடுதலைன்னு இருக்கு. சந்தோஷம். தவறான புரிதல்னு போட்டிருக்கே, என்னது அது?"

மாஜிஸ்ட்ரேட் கேட்ட அதே கேள்வி. இங்கே கம்பெனிக்காரர் இல்லை. வேனக்கா மேசையின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சோப்புப் பெட்டிகள், பல்வலி, டாய்லெட், பூட்டு.

"கோர்ட்டில பூட்டைப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க டீச்சர்."

"என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னு சொன்னேன்."

பிரின்சிபல் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ கோர்ட்டில பொய் சொல்லியிருக்கீங்க."

"ஆமா டீச்சர்."

"என்கிட்ட?"

"உங்ககிட்ட பொய் சொல்லல."

பிரின்சிபல் காகிதத்தை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். அவர் மடித்து முடிக்கும்வரை வேனக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். கால்கூட ஆடவில்லை.

"இப்படிச் செய்யலாம்" என்றார் பிரின்சிபல். "பெத்தவங்க யாராவது கேட்டா இந்தப் பேப்பரைக் காட்டுவேன். பூட்டுக் கதையைச் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. அந்த மனுஷன் எங்கேயோ பொழைச்சுட்டுப் போகட்டும்." காகிதத்தை இழுப்பறையில் போட்டார். "லைசென்ஸ் டெஸ்ட் என்னைக்கு?"

"வர்ற வெள்ளிக்கிழமை."

"அந்த லாரிக்காரரை நான் இன்னும் வேண்டாம்னு சொல்லல. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் சொல்லுவேன். பாஸானீங்கன்னா."

"ரிவர்ஸ் இருக்கு டீச்சர் அதுல."

"இருக்கும்."

வெளியே அண்ணன் ஹாரன் அடித்தார். பிள்ளைகள் வரிசையில் நிற்காமல் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வேனக்கா படிகளில் இறங்கி ஓடினாள். வழக்கு முடிந்திருந்தது. நெஞ்சுக்குள் அடித்துக்கொள்வது நிற்கவில்லை. அது இப்போது வெள்ளிக்கிழமையைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்றார் அண்ணன்.

"வெள்ளிக்கிழமை சொல்றேன். பழகுறதுக்கு ஒரு இடம் பாருங்க அண்ணே, இடத்துக்காரங்ககிட்ட அனுமதி எழுதி வாங்கிட்டு" என்று சொல்லிவிட்டு, முதல் பிள்ளையின் பையை வாங்கி உள்ளே போட்டாள்.